கடல்விளிம்பில் ஒரு நாள்

மலையும் கடலும் இறைவனின் படைப்பில் இரு பெரும் விந்தைகள். மலையைக் காண விரும்பினால் உள்நாட்டை நோக்கியும், கடலைக் காண விரும்பினால் கரையை நோக்கியும் செல்வது நம் வழக்கம். இவ்விரண்டும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் நின்று, ஓயாமல் மோதிக்கொள்ளும் காட்சி எல்லாருக்கும் எளிதில் கிட்டுவதன்று. அயர்லாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், டொனிகால் மாவட்டத்திலுள்ள ஸ்லீவ் லீக் என்னும் மலையில் அக்காட்சியைக் காணும் பேறு எங்களுக்கு வாய்த்தது. அங்கே கண்டவற்றையும், அன்று நாங்கள் அடைந்த அச்சத்தையும், அவ்வச்சம் எங்களுக்குக் கற்பித்ததையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் மகள் அயர்லாந்தில் ஸ்லைகோ நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளையும் மருமகனையும் பதினைந்து வயதுப் பேரனையும் காண, முதியவர்களாகிய நாங்கள் இருவரும் ஒரு கோடைக்காலத்தில் அங்குச் சென்றிருந்தோம். சூன் மாதம். அந்நாட்டில் அம்மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பின்னும் வானத்தில் வெளிச்சம் மிஞ்சியிருக்கும். "தாத்தா, பாட்டி, உங்களுக்கு ஒரு மலை காட்டுகிறேன். மலைதான், ஆனால் அதன் பாதி கடலில் விழுந்துவிட்டது!" என்று பேரன் கூறியதே இப்பயணத்துக்கு வித்திட்டது.

புறப்பாடு

விடியற்காலையில் செபம் சொல்லி, கட்டுச்சோறும் தேநீர்க் குடுவையும் எடுத்துக்கொண்டு, ஐவரும் மோட்டார் காரில் புறப்பட்டோம். ஊரை விட்டு வெளிவந்த சிறிது நேரத்தில், வெட்டிவைத்த மேசைபோல் உச்சி தட்டையான பென்புல்பன் மலை எதிர்ப்பட்டது. அதன் அடிவாரத்தில் டிரம்கிளிஃப் என்னும் சிற்றூரின் கோயில் முற்றத்தில் கவிஞர் யேட்சின் கல்லறை உள்ளது. 1923இல் நோபல் பரிசு பெற்ற இவர், 1939இல் பிரான்சு நாட்டில் காலமானார். 1948இல் அவர் உடல் தாயகத்துக்குக் கொண்டுவரப்பட்டு இங்கு அடக்கம் செய்யப்பட்டது. நம் இரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலி 1912இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் இவரே என்று பேரனுக்கு நினைவூட்டினோம்.

அடுத்து டொனிகால் நகர். கடல் குடாவின் கரையில் ஒரு பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. அம்மடத்தைச் சார்ந்த சகோதரர் மீஹால் ஓ கிளேரியும் அவருடைய துணைவர்களும் 1632 முதல் 1636 வரை உழைத்து, அயர்லாந்தின் பழைய வரலாற்றையெல்லாம் ஆண்டு வரிசைப்படி தொகுத்து எழுதினர். "நான்கு ஆசான்களின் ஆண்டேடு" என்று உலகம் அதனைப் போற்றுகிறது. தம் நாட்டின் நினைவு அழிந்துபோகும் என்று அஞ்சிய காலத்தில் அவர்கள் அப்பணியை மேற்கொண்டனர்.

அங்கிருந்து மேற்கே செல்லச் செல்ல மரங்கள் குறைந்தன. கற்சுவர்களும் ஆட்டு மந்தைகளும் பெருகின. அயர்லாந்தின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகமான கில்லிபெக்சில் பெருங்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. மீன் மணம் காரினுள்ளும் புகுந்தபோது, எங்களுக்கு ஊர் நினைவு வந்தது. பின்னர் கேரிக் என்னும் சிற்றூரைக் கடந்து, டீலின் என்னும் கடலோரக் கிராமத்தை அடைந்தோம்.

இப்பகுதியில் மக்கள் இன்றும் தம் பழைய ஐரிஷ் மொழியை வீட்டிலும் வீதியிலும் பேசுகின்றனர். ஒருவரையொருவர் காணும்போது அவர்கள் சொல்லும் வணக்கம் நம் உள்ளத்தைத் தொடுவது. முதலில் பேசுபவர், "கடவுள் உம்மோடு" என்பார். மறுமொழி கூறுபவர், "கடவுளும் மரியாளும் உம்மோடு" என்பார். நம் சிற்றூர்களில் முதியோர் குருவானவரைக் கண்டதும் "தோத்திரம் சாமி" என்று கைகூப்புவது நினைவுக்கு வந்தது. விசுவாசம் ஒரு மக்களின் நாவில் எவ்வளவு ஆழமாக ஊறியுள்ளது என்பதற்கு அவர்களுடைய அன்றாட வணக்கமே சான்று.

வழி கேட்பதற்காக ஒரு வீட்டின் முன் காரை நிறுத்தினோம். கற்சுவரின்மேல் சாய்ந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், எங்களை ஒவ்வொருவராக நோக்கினார். அம்மலைக்கு ஏற இரு வழிகள் உண்டென்று அவர் கூறினார். ஒன்று, பன்கிளாஸ் என்னும் இடத்திலிருந்து கடல்விளிம்பை ஒட்டியே செல்வது. மற்றொன்று, அவருடைய வீட்டருகே தொடங்கி, மலையின் பின்புறமாகப் பள்ளத்தாக்கு வழியே ஏறுவது. இரண்டாவதற்குத் "திருப்பயணிகளின் பாதை" என்று பெயர்.

"கடலைப் பார்க்க வேண்டுமானால் பன்கிளாஸ் வழியாக ஏறுங்கள், இறங்கும்போது இந்தப் பாதையில் இறங்குங்கள்" என்றார் அவர். பிறகு பேரனை நோக்கி, "தம்பி, மேலே மேகம் இறங்கினால் நடக்காதே. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடு. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்; ஆனால் எழுந்திருக்காதே" என்றார். வானம் நீலமாகப் பளிச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் கூற்றை மகள் எங்களுக்குத் தமிழில் எடுத்துரைத்தபோது, முதியவர்களுக்கே உரிய எச்சரிக்கை என்று எண்ணிப் புன்னகைத்தோம். நாங்களும் முதியவர்களே என்பது அப்போது நினைவில் இல்லை.

மலை கண்ட மாத்திரத்தில்

சாலையில் ஒரு வாயிற்கதவு குறுக்கிட்டது. அங்கே காரை விட்டுவிட்டு, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மேட்டுச் சாலையில் நடந்தோம். இருபுறமும் கரும்பழுப்பு நிறச் சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மடிந்து செறிந்த இம்மண்ணை மக்கள் செங்கல் வடிவில் வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, அடுப்பெரிக்கப் பயன்படுத்தி வந்துள்ளனர். மரம் அரிதாகிய நாட்டில் மண்ணே விறகாகியது. முதுகில் நீலமும் சிவப்புமாக வண்ணம் பூசிய ஆடுகள் சாலையை மறித்துப் படுத்திருந்தன. எந்த ஆடு எவருடையது என அறிவதற்கே அவ்வண்ணம்.

இடப்புறத்தில் கடலை நோக்கிய ஒரு முனையில் இடிந்த கற்கோபுரம் ஒன்று தெரிந்தது. 1800களின் தொடக்கத்தில் நெப்போலியனின் படை வந்திறங்கக்கூடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, கடற்கரை நெடுகிலும் கட்டிய காவற்கோபுரங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு அண்மையில் வெண்கற்களைத் தரையில் பதித்துப் பேரெழுத்துகளில் நாட்டின் பெயர் எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. வானூர்தி ஓட்டுநர்கள் தாங்கள் எந்த நாட்டின்மேல் பறக்கிறோம் என்பதை அறியவே அவ்வெழுத்துகள் அமைக்கப்பட்டன. கோபுரமும் எழுத்துகளும் இரு வேறு காலத்து மனித அச்சத்தின் அடையாளங்கள். இரண்டையும் பாசி பொதுவாகப் போர்த்தியிருந்தது.

சாலை ஒரு வளைவில் திரும்பியது. எங்கள் பேச்சு நின்றது.

குடாவுக்கு அப்பால் ஒரு முழு மலை கடலுக்குள் இறங்கி நின்றது. ஸ்லீவ் லீக்கின் உயரம் ஏறக்குறைய 600 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர் என்பர். அத்தகைய ஏழு குன்றுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இதன் தோளை எட்ட முடியும். உலகப் புகழ் பெற்ற மோகர் பாறைகளும் அயர்லாந்திலேயே உள்ளன. அவற்றின் உச்சி 214 மீட்டர் மட்டுமே. புகழில் தம்பியாக இருப்பது உயரத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு! ஐரோப்பாவின் மிக உயர்ந்த கடற்பாறைகளுள் ஒன்றாக ஸ்லீவ் லீக் எண்ணப்படுகிறது.

அதன் முகம் ஒரே நிறமுடையதன்று. குவார்ட்சைட் என்னும் கடும்பாறை வெண்மையாக மின்னியது. இரும்புத்தாது கசிந்த இடங்களில் காவியும் துருச்சிவப்பும் படர்ந்திருந்தன. நீர் கசிந்த பிளவுகளில் பச்சை. நிழல் விழுந்த மடிப்புகளில் ஊதா. அக்குவார்ட்சைட் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த வெறும் மணல். கற்பனைக்கெட்டாத காலத்துக்கு முன் பூமியின் வெப்பமும் அழுத்தமும் அதனை இறுக்கிப் பாறையாக்கின. பூமியின் புரட்சி அதனை மலையாக உயர்த்தியது. தான் ஈன்ற மணலைக் கடல் இப்போது திரும்பக் கேட்கிறது. அலைகள் அடிவாரத்தைக் குடைய, மேலுள்ள பாறை ஆதரவற்றுச் சரிய, மலை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கடலுக்குத் திரும்புகிறது.

கீழே, நீருக்குள் தனித்து நிற்கும் இரு பாறைகளை "அரக்கனின் மேசையும் நாற்காலியும்" என்று ஊரார் அழைக்கின்றனர். அரக்கன் எழுந்துபோய் நெடுங்காலமாகியும் இருக்கை மட்டும் காத்திருக்கிறது போலும். அலை பாறையில் மோதி வெண்ணுரையாக எழுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஓசையோ எங்களை வந்தடையச் சிறிது நேரம் பிடித்தது. உயரத்தின் அளவை எங்களுக்கு உணர்த்தியது அத்தாமதமே. கடற்பறவைகள் எங்கள் காலடிக்குக் கீழே வெண்புள்ளிகளாகப் பறந்தன. தெற்கே குடாவுக்கு அப்பால், காலையில் கடந்துவந்த பென்புல்பன் மங்கலான நீலக்கோடாகத் தெரிந்தது.

ஏற்றம்

பன்கிளாசிலிருந்து பாதை கற்படிகளாக மேலேறுகிறது. நடப்போரின் கால்பட்டுச் சதுப்பு மண் அரித்துப்போகாதபடி இக்கற்களைப் பதித்திருக்கின்றனர். சற்று மேலே சென்றதும் படிகள் முடிந்து, கல்லும் சேறும் கலந்த தடமாகிறது. இடப்பக்கம் கடல், இடையில் வேலியோ கைப்பிடியோ இல்லை. புல்தரை மெத்தைபோல் சென்று, ஓரிடத்தில் எவ்வித அறிவிப்புமின்றி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் காற்று மட்டுமே.

பேரன் முன்னால் ஓடினான். மருமகன் அவனுக்குப் பின்னும், மகள் எங்களுக்குத் துணையாகவும் நடந்தனர். மூச்சு வாங்கியது, எனினும் ஒவ்வொரு மேட்டிலும் நின்று திரும்பிப் பார்த்தபோது கண்ட காட்சி, அடுத்த மேட்டுக்கு எங்களை இழுத்தது. இரண்டு மணி நேரம் ஏறியபின், ஒரு பாறையின் மறைவில் அமர்ந்து புளிச்சோறு உண்டோம். அட்லாண்டிக் பெருங்கடலின் விளிம்பில் புளிச்சோற்றின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

உணவு முடிந்தபோது மேற்கே வானம் வெளுத்திருந்தது. மகள் அதனைக் கவனித்தாள். "அப்பா, அம்மா, இது போதும், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டோம். வந்த வழியே இறங்கிவிடலாம்" என்றாள். நாங்கள் இருவரும் உடன்படவில்லை. இத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்து உச்சியைக் காணாமல் திரும்புவதா? ஊருக்குப் போனால் உறவினர்க்கு என்ன சொல்வது? "சிறிது தூரந்தானே, வா" என்று அவளை ஊக்கினோம். எங்கள் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. மீண்டும் ஏறத் தொடங்கினோம்.

மேகம் இறங்கியது

உச்சிக்குச் செல்லும் வழியில் மலைமுதுகு வாள்முனைபோல் மெலியும் ஓரிடம் உண்டு. "ஒற்றையாள் பாதை" என்று அதற்குப் பெயர். ஒருவர் பின் ஒருவராகவே அதன்மேல் நடக்க இயலும். ஒருபுறம் கடலை நோக்கிய பெருவீழ்ச்சி. மறுபுறமும் செங்குத்தான சரிவு. அதன்மேல் நடக்க அஞ்சுவோர்க்காக, உட்புறச் சரிவில் சற்றுத் தாழ்வாக வேறொரு தடம் செல்கிறது. நாங்கள் அத்தடத்தில் செல்வதென்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆனால் பேரனோ, அவ்வாள்முனையில் நின்று ஒரு படம் எடுத்துத் தன் பள்ளித் தோழர்களுக்குக் காட்டுவதாக வாக்களித்திருந்தான் என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

அவன் ஐம்பது அறுபது அடி முன்னால் சென்றுகொண்டிருந்தான். மருமகன் காலணியின் கயிற்றைக் கட்டுவதற்காகக் குனிந்தார். அவ்வேளையில் மேகம் இறங்கியது.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிறது. கீழே நின்று பார்ப்போர்க்கு அது மலையுச்சியில் சூட்டிய வெண்முடியாகத் தோன்றும்; அதனுள் அகப்பட்டோர்க்கோ உலகமே இல்லாமற் போகிறது. சில நொடிகளில் கடல் மறைந்தது, சரிவு மறைந்தது, எதிரே சென்ற சிறுவனும் மறைந்தான். நீட்டிய கையின் விரல்கள் மட்டும் தெரிந்தன. அலையோசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதும் புலப்படவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் ஒலித்தது.

மகள் அவன் பெயரைக் கூவினாள். மறுமொழி இல்லை. மருமகன் கூவினார், காற்று அக்குரலைப் பறித்துக்கொண்டது. மருமகன் முன்னே பாய முயன்றபோது மகள் அவர் கையைப் பற்றி நிறுத்தினாள். இருவரையும் ஒருசேர இழக்க அவளால் இயலுமா? எங்கள் இருவருடைய நிலையை எவ்வாறு எழுதுவது? "சிறிது தூரந்தானே" என்று சொன்ன நாவு உலர்ந்துபோயிற்று. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினோம். அதற்கு மேல் சொற்கள் வரவில்லை. எவ்வளவு நேரம் அவ்வாறு நின்றோம் என்பது தெரியாது. ஐந்து நிமிடங்கள் என்று மருமகன் பிற்பாடு கூறினார். எங்கள் வாழ்நாளில் அதைவிட நீண்ட ஐந்து நிமிடங்கள் இல்லை.

காற்று ஒரு கணம் தணிந்தது. அப்போது, சற்று மேலிருந்து மெல்லிய குரல் கேட்டது: "அம்மா, நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கவில்லை."

குரலை நோக்கி, தரையைக் கையால் தடவித் தடவி, ஒருவர் மேலாடையை மற்றவர் பற்றியவாறு ஊர்ந்து சென்றோம். தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு கல்லின்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் அமர்ந்திருந்தான். ஒற்றையாள் பாதையில் அவன் ஏறுவதற்கு இன்னும் சில அடிகளே இருந்தன. மேகம் இறங்கியதும், கிராமத்து முதியவர் சொன்னவாறே, இருந்த இடத்தில் அமர்ந்துவிட்டான். நாங்கள் கூவியது அவனுக்குக் கேட்டது. அவன் மறுமொழி எங்களுக்குக் கேட்கவில்லை. எங்களை நோக்கி எழுந்து ஓடிவர எத்தனை முறை எண்ணினானோ! ஆனால் அவன் எழவில்லை.

நாங்கள் புன்னகைத்துத் தள்ளிய அறிவுரையைப் பதினைந்து வயதுச் சிறுவன் தன் உள்ளத்தில் எழுதி வைத்திருந்தான். எவரும் அவனைக் கடியவில்லை. உண்மையில், கடியப்பட வேண்டியவர்கள் நாங்கள் இருவருமே.

மலைமேல் ஒரு சிற்றாலயம்

மேகம் மெலிந்து தடம் தெரியும்வரை அங்கேயே ஐவரும் நெருங்கி அமர்ந்திருந்தோம். பின்னர் உட்புறச் சரிவிலுள்ள தாழ்ந்த தடத்தில் மெல்ல நடந்தோம். வந்த வழியே கடல்விளிம்பில் இறங்குவதைவிட, அகன்ற மேட்டை அடைந்து திருப்பயணிகளின் பாதையைப் பிடிப்பதே நன்றென மருமகன் கருதினார். உச்சிக்குப் போகும் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

அம்மேட்டில், மேகத்தின் ஊடே, தாழ்ந்த கற்சுவர்கள் தென்பட்டன. கூரையில்லை, கதவில்லை, சுண்ணாம்பு பூசாத வெறுங்கற்கள். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் புனித ஈது மக் பிரிக் தனித்திருந்து செபித்த இடம் என்று மரபு கூறும் தலத்தின் இடிபாடுகள் அவை. அவர் 589இல் இறந்ததாகப் பழைய ஆண்டேடுகள் குறிக்கின்றன. தலைவலியால் துன்புறுவோர் அவருடைய பரிந்துரையை நாடுவது அந்நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம். அருகில் நீரூற்றும், திருப்பயணிகள் குவித்த கற்குவியல்களும் உள்ளன. ஒரு கல்லுக்கு ஒரு செபம். ஒரு செபத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கண்ணீர்.

அக்கற்களின் நடுவே நின்று, எங்களால் முன்பு முடிக்க இயலாத செபத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்தோம்.

டொனிகால் மாவட்டம் இவ்வாறான தலங்களால் நிறைந்தது. 563இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குச் சென்று மறைப்பணியாற்றிய புனித கொலும்பா பிறந்தது இம்மாவட்டத்திலேயே. ஸ்லீவ் லீக்குக்கு அண்மையிலுள்ள கிளென்கொலும்கில் பள்ளத்தாக்கு அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவருடைய திருநாளாகிய சூன் 9ஆம் நாள் அங்கே மக்கள் கல்நிலையங்களைச் சுற்றி வந்து செபிக்கும் வழக்கம் உண்டு. இதே மாவட்டத்தின் டெர்க் ஏரித் தீவில், வெறுங்காலுடன் மூன்று நாள் நோன்பிருந்து செபிக்கும் திருப்பயணம் இன்றும் நடைபெறுகிறது.

இப்பக்தி எளிதாக நிலைத்துவிடவில்லை. 1695 முதல் இயற்றப்பட்ட ஒடுக்குமுறைச் சட்டங்கள் கத்தோலிக்கருக்குக் கல்வியை மறுத்தன, நிலத்தை மறுத்தன, 1697இன் சட்டம் ஆயர்களையும் துறவிகளையும் நாடு கடத்தியது. நாட்டின் பல பகுதிகளில் மக்கள் குன்றின் மறைவில், ஒரு பாறையைப் பீடமாக்கித் திருப்பலி கண்டனர். 1829இல்தான் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். அவ்விருண்ட காலத்திலேயே, கார்க் நகரில் நானோ நேகிள் என்னும் பெண்மணி ஏழைக் குழந்தைகளுக்கு மறைவாகப் பள்ளி நடத்தினார். 1775இல் அவர் தொடங்கிய சபையே காணிக்கை அன்னை கன்னியர் சபையாக வளர்ந்தது. அச்சபைக் கன்னியர் 1842இல் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கினர். படிப்பு மறுக்கப்பட்ட ஒரு மக்களின் புதல்வியர் கடல் கடந்து வந்து நம் புதல்வியர்க்குப் படிப்புத் தந்தனர் என்பதை அக்கற்சுவர்களின் நடுவே நினைத்துப் பார்த்தோம்.

திருப்பயணிகளின் பாதை

இறங்கும் வழி மலையின் பின்புறம், பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்கிறது. மேகத்தைவிட்டுக் கீழே வந்ததும் வெயில் முகத்தில் விழுந்தது. சிற்றோடை ஒன்று உடன் வந்தது. புல்லும் கல்லும் கலந்த அகன்ற தடம். எதிரே தொலைவில் டீலின் குடா அமைதியாகக் கிடந்தது. பெருங்கடலின் முழக்கம் மலைக்கு அப்பால் அடங்கிப்போயிற்று.

அப்பாதையில் காட்சி குறைவு; சுற்றுலாப் படங்களில் அது இடம்பெறுவதும் குறைவு. நடக்க நடக்க எங்களுக்கு ஓர் உண்மை புலனாயிற்று. நூற்றாண்டு நூற்றாண்டாக இம்மலைக்கு ஏறி வந்த மக்கள் கடலின் அழகை அறியாதவர்களா? கடலே அவர்கள் வாழ்வு. மீனே அவர்கள் உணவு. கடல்விளிம்பின் மாட்சி அவர்கள் வாயிற்படியிலேயே இருந்தது. ஆயினும் நோயாளிகளையும் முதியோரையும் சிறுவரையும் அழைத்துக்கொண்டு செபிக்கச் சென்றபோது, அவர்கள் விளிம்பைத் தேடவில்லை. காற்று மறைந்த இப்பள்ளத்தாக்கையே தேர்ந்தனர். தம் துணிவைக் காட்டுவதற்காக அவர்கள் ஏறவில்லை. எல்லாரும் ஏற வேண்டும், எல்லாரும் இறங்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். குடும்பத்தோடு நடப்பவர்க்கு உரிய பாதை அதுவே.

நாங்களோ உச்சியை எண்ணினோம். உடன் வந்தவர்களை எண்ணவில்லை. தன் மகனுக்காக அஞ்சிய தாயின் சொல்லை, அவள் எங்கள் மகள் என்ற ஒரே காரணத்தால் தள்ளினோம். பெரியோர் சொல்லைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கூறிவந்தோம். பிள்ளைகளின் சொல்லைப் பெரியோர் கேட்க வேண்டிய வேளையும் உண்டு என்பதை அன்று கற்றோம். பாதையில் ஓரிடத்தில் நின்று மகளிடம் அதனைச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

இத்தகைய இடங்களுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு. காலையில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். மேற்கே வானம் வெளுத்தால் திரும்பிவிடுங்கள். குழந்தைகளைக் கண்பார்வையில் மட்டுமன்றிக் கையெட்டும் தொலைவில் வையுங்கள். காற்று வலுத்த நாளில் விளிம்பை நெருங்காதீர்கள். பன்கிளாசில் நின்று பார்த்தாலே அம்மலையின் முழு அழகும் கண்ணுக்குக் கிட்டும். அதற்குமேல் ஓரடியும் ஏறாமல் திரும்புபவர் எதையும் இழந்தவரல்லர்.

மாலை ஏழு மணி அளவில் கிராமத்தை அடைந்தோம். வெயில் இன்னும் சாயவில்லை. காலையில் கண்ட முதியவர் அதே கற்சுவரின்மேல் சாய்ந்திருந்தார். உச்சியைக் கண்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. மலைப்பாதையிலிருந்து நாங்கள் வெளிவந்தபோது, மந்தையை எண்ணுபவரைப்போல் சுட்டுவிரலை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணினார். எண்ணிக்கை சரியாயிருந்தது. தலையசைத்துவிட்டு, தம் ஆடுகளின் பக்கம் திரும்பினார்.

பேரன் ஓடிச் சென்று அவருடைய கையைப் பற்றினான். காலையில் கற்ற வணக்கத்தை அவருடைய மொழியிலேயே தட்டுத் தடுமாறிச் சொன்னான்: கடவுள் உம்மோடு. முதியவர் தொப்பியைக் கழற்றினார்.

"கடவுளும் மரியாளும் உன்னோடு" என்றார்.